மாமியார் செருப்பில் விழுந்த ஒளி

என் மாமியாரின் இடது கால் ஜப்பான் சிலிப்பரில், பெருவிரல் பதியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராக, ஓரமெல்லாம் கருகி, நடுவில் பள்ளமாக. கோட்டைப் போட்டது சூரியன். சூரியனுக்கு எடுபிடி வேலை பார்த்தது நான். எங்கள் வீட்டில் சூரியன்மேல் யாருக்கும் கோபம் இல்லை.

நடந்ததை முறையாகச் சொல்ல வேண்டுமென்றால் என் மூக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். என் பவர் அறுநூறு. தமிழ்நாட்டில் இதை மைனஸ் ஆறு என்பார்கள். ஜொகூரில் எதையும் நூறால் பெருக்கிச் சொன்னால்தான் எங்களுக்குத் திருப்தி. கண்ணாடியைக் கழற்றினால் மூக்குக்கு முன்னால் பதினேழு சென்டிமீட்டர் வரைதான் உலகம் தெளிவு. ஒரு சாண்கூடக் கிடையாது. அதற்கு அப்பால் நிற்பவர்களைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். மனைவி விஷயத்தில் அதில் எனக்கு ஒருநாளும் சிரமம் இருந்ததில்லை.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போது என் பெயர் சோடாபுட்டி. இப்போது ஐம்பத்திரண்டு வயதில் பெயர் அங்கிள் ஆகிவிட்டது, புட்டி மட்டும் அப்படியே இருக்கிறது. மூக்கின் இரு பக்கமும் இரண்டு சிவப்புத் தடங்கள். உறவினர் வீட்டுக் குழந்தைகள் அதில் விரல் வைத்துப் பார்ப்பார்கள். இதில் ஒரு கேலி உண்டு. கிட்டப்பார்வைக்காரன் லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்திருக்கும். என் வயிறு நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்தது. ஆக, மேலே மைனஸ், கீழே பிளஸ். கூட்டிக் கழித்தால் நான் வெறும் ஜன்னல் கண்ணாடி.

போன வருடம் கண்ணாடிக் கடையில் மெல்லிய லென்ஸ் கேட்டேன். கடைக்காரத் தம்பி ஒரு தட்டை எடுத்து வைத்து, 1.50, 1.67, 1.74 என்று மூன்று எண்கள் சொன்னார். இந்த எண்ணுக்கு அர்த்தம், ஒளி அந்தப் பொருளுக்குள் எவ்வளவு மெதுவாகப் போகும் என்பது. வெளியில் நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, 1.50க்குள் நுழைந்தால் இரண்டு லட்சத்துக்கு இறங்கிவிடும். எண் கூடக்கூட ஒளி இன்னும் தயங்கும். அதனால் கொஞ்சம் தடிமனே போதும். எண் ஏற ஏற லென்ஸும் மெலியும், பர்ஸும் மெலியும். கடைசி ரகத்தின் விலையைக் கேட்டபோது நானே கொஞ்சம் தயங்கி நின்றேன். அந்த நேரத்தில் என் எண் நிச்சயம் இரண்டுக்கு மேல்.

"சுத்தமாத் தட்டையா, காகிதம் மாதிரி ஒண்ணு இல்லையா தம்பி?"

"இருந்தா நானே போட்டிருப்பேன் அங்கிள்" என்றார். அவருக்கும் எழுநூறு.

அன்று இரவு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கைப்பேசியைப் பதினேழு சென்டிமீட்டரில் பிடித்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன். தட்டை லென்ஸ் இருக்கிறதாம். 1967இலேயே விக்டர் வெசலாகோ என்ற ரஷ்யர், ஒளியைத் தப்பான பக்கம் திருப்பும் ஒரு பொருளைக் காகிதத்தில் கற்பனை செய்தார். இயற்கையில் அப்படி ஒன்று அகப்படவில்லை. 2000இல் லண்டனின் ஜான் பென்ட்ரி, அப்படி ஒன்று கிடைத்தால் ஒரு தட்டைப் பாளமே எந்தக் கண்ணாடியையும் மிஞ்சும் லென்ஸாகிவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 2016இல் ஹார்வர்டில் ஃபெடரிகோ கபாசோவின் குழு, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கே தட்டை லென்ஸ் செய்துவிட்டது. ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் வரிசை வரிசையாக நுண்ணிய தூண்கள். தூணின் உயரம் 600 நானோமீட்டர். தலைமயிரின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. இதற்கு மெட்டாலென்ஸ் என்று பெயர்.

தூண்கள் எதனால் ஆனவை என்று பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு விம்மியது. டைட்டானியம் டை ஆக்சைடு. தீபாவளிக்கு வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டுக்கு வெண்மை தரும் அதே சரக்கு. மூன்று வருடத்துக்கு முன்னால் ஏணியோடு சாய்ந்து, அரை டின் பெயிண்டை ஹால் தரையில் கொட்டியவன் நான். கணக்குப் பார்த்தால் லட்சக்கணக்கான லென்ஸுக்கான மூலப்பொருளைத் துடைப்பத்தால் வாரி வெளியே ஊற்றியிருக்கிறேன்.

மறுநாள் காலை மனைவி சமையலறையில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிளந்து, உள்ளே இருக்கும் கறுப்பை வழித்துப் போட்டு, உடலை மட்டும் தட்டில் சேர்க்க வேண்டும். நடுவில் எழுந்து போக முடியாத வேலை. அறிவியல் பேச இதைவிட உகந்த நேரம் எனக்கு வாய்ப்பதில்லை.

"பூதக்கண்ணாடி லென்ஸ் ஏன் நடுவுல தடிச்சிருக்கு தெரியுமா?"

"உங்களுக்கு இப்ப என்ன வேணும், சாயாவா?"

"உன் தம்பி கல்யாணத்தை நினைச்சுக்க" என்றேன். நெத்திலிக் கை ஒரு கணம் நின்றது. பிடி கிடைத்துவிட்டது.

அந்தக் கல்யாணம் எங்கள் குடும்பத்தில் இன்றும் பேசப்படுவது. தாலி கட்டும் நேரத்தில் கோவில் வாசலில் ஒருவர்கூடப் பாக்கி இல்லை. காரணம் மனைவியின் நோட்டுப் புத்தகம். குளுவாங்கிலிருந்து வருபவர்களுக்கு விடியற்காலையில் போன்: "நேரா வாங்க, பசியாறறதை இங்க பார்த்துக்கலாம்." கூலாய்க்காரர்களுக்கு: "பசியாறிட்டே கிளம்புங்க." கோவிலுக்குப் பின்தெருவில் இருக்கும் சித்தி வீட்டுக்கு: "இன்னொரு டீ போட்டுக் குடிங்க, நான் சொன்ன பிறகு வந்தாப் போதும்." தூரத்து ஆளும் பக்கத்து ஆளும் எட்டே முக்காலுக்கு ஒன்றாக வந்து இறங்கினார்கள்.

லென்ஸ் செய்வதும் இதுதான், வேறொன்றுமில்லை. ஒரு புள்ளியில் ஒளி குவிய வேண்டுமென்றால் எல்லாக் கதிரும் அங்கே தாளம் தப்பாமல் சேர வேண்டும். நடுவில் நேராக வரும் ஒளிக்கு வழி குறைவு. ஓரத்தால் சாய்ந்து வரும் ஒளிக்கு வழி அதிகம். அதனால் பக்கத்து ஆளை நிறுத்திவைக்க வேண்டும். கண்ணாடிக்குள் ஒளி மெதுவாகப் போகும் என்பதால் நடுவில் நிறையக் கண்ணாடி. லென்ஸின் தடிமன் என்பது சித்தி குடித்த இரண்டாவது டீ.

"சரி, தட்டையா இருந்தா?"

"தட்டையா இருந்தா டீ கிடையாது. ஒவ்வொரு வாசல்லயும் ஒரு பெரியப்பாவை நிறுத்திடணும்."

இந்த உவமையை நான் இரவே யோசித்து வைத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒல்லியான பெரியப்பா என்றால் "நல்லா இருக்கியா" என்று கேட்டு விட்டுவிடுவார். பருத்த பெரியப்பா உட்காரவைத்து, தாத்தா கப்பலேறி வந்த கதையில் ஆரம்பிப்பார். மெட்டாலென்ஸில் தூண்கள் எல்லாம் ஒரே உயரம். பருமன்தான் இடத்துக்கு இடம் வேறு. ஒல்லித் தூண் ஒளியைக் கொஞ்சம் தாமதிக்கும், தடித்த தூண் அதிகம் தாமதிக்கும். எந்த இடத்தில் எவ்வளவு தாமதம் வேண்டுமோ அந்தப் பருமனில் ஒரு தூண். தகடு தட்டை, வேலை லென்ஸ் வேலை.

"எத்தனை பெரியப்பா வேணும்?"

2024இல் அதே ஹார்வர்ட் குழு பத்து சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு மெட்டாலென்ஸ் செய்து நிலாவையும் சூரியனையும் படமெடுத்தது. அதில் 1870 கோடித் தூண்கள் என்று சொன்னேன்.

"அத்தனை பேருக்கும் யார் சமைக்கிறது?" என்று கேட்டுவிட்டு அடுத்த நெத்திலியை எடுத்தாள்.

ஆனால் ஒரு கேள்வி அவளுக்கு உண்மையிலேயே வந்தது. நடுவில் இருக்கும் ஒளியை நிறைய நேரம் நிறுத்த வேண்டுமே, இவ்வளவு குட்டையான தூண் எப்படிப் போதும்? கெட்டிக்காரி. இதற்குப் பதில் சொல்ல நான் என் வாழ்க்கையின் அவமானம் ஒன்றைத் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது.

ஜொகூரில் 2014 முதல் 2024 முடிய வார விடுமுறை வெள்ளியும் சனியும். 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து நாட்டின் பெரும்பாலான இடங்களைப்போல சனியும் ஞாயிறும் ஆனது. மாநிலம் ஒரே நாளில் மாறிக்கொண்டது. எனக்குக் கொஞ்சம் நாள் பிடித்தது. அந்தக் குழப்பத்தில் ஒரு கல்யாண விருந்துக்கு, பட்டு வேட்டி, மொய் உறை சகிதம், மாலை சரியாக ஏழு மணிக்குப் போய் இறங்கினேன். மண்டபத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். விருந்து முந்தின நாள். மணி சரி, நாள் தப்பு.

ஒளியாக இருந்திருந்தால் என்னை யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒளி ஓர் அலை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஒரே மாதிரி வந்துகொண்டே இருக்கும். சரியாக ஒரு முழு அலை பிந்தி வந்தாலும் தாளம் தப்பாது, பிந்தியதாகவே கணக்கில்லை. ஆகவே ஒரு முழு அலைக்கு மேல் யாரையும் நிறுத்த வேண்டியதில்லை. அதைத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கலாம். குட்டைத் தூண் போதும் என்பதன் ரகசியம் இதுதான்.

"அப்ப அன்னைக்கு நீங்க லேட்டே இல்லைங்கறீங்க?" என்றாள் மனைவி.

"ஒளியியல்படி இல்லை."

"மொய் உறையில இருந்த நூறு வெள்ளி என்ன ஆச்சு?"

பேச்சை அங்கே முடித்துக்கொண்டேன்.

மெட்டாலென்ஸ் கையில் கிடைக்காது; அதன் முப்பாட்டனார் கிடைப்பார். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில், கைப்பேசி உறைகளுக்கும் எலிப்பொறிகளுக்கும் நடுவில், ஒரு காகித அளவுக்கு வளையும் பிளாஸ்டிக் தகடு, பூதக்கண்ணாடி என்று சொல்லி ஐந்து வெள்ளிக்கு விற்றார்கள். விரலால் தடவினால் வட்ட வட்டமாக வரி தட்டுப்படும். இதைக் கண்டுபிடித்தவர் அகுஸ்தான் ஃபிரெனெல். கலங்கரை விளக்கத்துக்குப் பெரிய லென்ஸ் தேவைப்பட்டது. முழுக் கண்ணாடியாக வார்த்தால் தூக்கவே ஆள் போதாது. ஒளியைத் திருப்புவது மேற்பரப்பின் சாய்வுதான், உள்ளே இருக்கும் கண்ணாடியில் பெரும்பகுதி சும்மா கூட்டத்துக்கு வந்தது என்று கண்டு, அதைச் சீவி எறிந்துவிட்டு சாய்வுகளை மட்டும் வளையம் வளையமாக அடுக்கினார். 1823இல் பிரான்ஸின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அது எரிந்தது.

கலங்கரை விளக்கம் என்றதும் எங்கள் பொந்தியான் கரைக்கு எதிரே இருக்கும் பூலாவ் பிசாங் நினைவுக்கு வருகிறது. தீவு ஜொகூருடையது. அதன்மேல் நிற்கும் விளக்கை நடத்துவது, 1900ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, சிங்கப்பூர். வீடு நம்முடையது, லைட் சுவிட்ச் பக்கத்து வீட்டில். இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டிலும் நிலைமை ஏறக்குறைய அதுதான்.

தகடு வாங்கிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாமியார் முந்தின இரவுதான் குளுவாங்கிலிருந்து வந்திருந்தார். காலை பத்து மணி, போர்ச்சில் நல்ல வெயில். தட்டையான ஒன்று ஒளியைக் குவிக்கும் என்று மனைவிக்கு நிரூபிக்க, தகட்டை இரண்டு பூந்தொட்டிகளுக்கு நடுவே சூரியனைப் பார்த்துச் சாய்த்து வைத்து, பின்னால் ஒரு காய்ந்த இலையைப் பிடித்தேன். இலையில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி கண்ணைக் கூசவைத்தது. மூன்று எண்ணுவதற்குள் நூல்போலப் புகை. மனைவி, "ம்" என்றாள். அவள் அகராதியில் அது பாராட்டு. அந்தப் பெருமிதத்தில் இருக்கும்போதே நண்பர் போன் செய்தார். ரொட்டி சானாய்க்கு மாமாக் கடைக்குக் கிளம்பிவிட்டேன். இலையை எடுத்துப் போட்டேன். தகட்டை எடுக்கவில்லை.

சூரியன் மணிக்கு 15 பாகை நகரும். நான் தே தாரிக்கை ஆற்றி ஆற்றிக் குடித்த அரை மணியில் ஏழரை பாகை. தகட்டிலிருந்து ஒளி குவியும் தூரம் முப்பது சென்டிமீட்டர். அந்தத் தூரத்தில் ஏழரை பாகை என்பது கிட்டத்தட்ட நான்கு சென்டிமீட்டர். ஏழரை என்ற எண் வரும் இடத்தில் ஒரு தமிழன் உஷாராக இருந்திருக்க வேண்டாமா? தகட்டுக்குப் பின்னால் முப்பது சென்டிமீட்டரில் வரிசையாகச் செருப்புகள். அதில் கறுப்பு நிறம் மாமியாருடையது மட்டும். கறுப்பு, விழுந்த ஒளியை அப்படியே விழுங்கிக்கொள்ளும்.

முதலில் கண்டுபிடித்தவர் அவரேதான், அதுவும் மூக்கால். ஹாலில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர், "என்னா, எங்கயோ ரப்பர் கருகற வாடை வருதே" என்று எழுந்திருக்கிறார். தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். ரப்பரின் எந்த வாடை எந்த நிலையில் வரும் என்பது அவருக்கு அத்துப்படி. நான் திரும்பி வந்தபோது வலது கால் செருப்போடு வாசலில் நின்றிருந்தார். இடது கால் செருப்பு மனைவியின் கையில் இருந்தது. எனக்கு ஒரு கணம் வேறு எண்ணம் வந்தது உண்மை.

"என்னங்க இது?"

"ஃபிரெனெல்" என்றேன்.

மாமியார் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டம். தகட்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். "இது நம்ம ரப்பர் சீட்டு மாதிரி வரி வரியா இருக்கே மாப்ள" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பால் உறைந்ததும் மெஷினில் விட்டுத் தகடாக்கி, கடைசி உருளையில் வரி போட்டு எடுப்பார்கள். பிறகுதான் புகைக்கொட்டாயில் தொங்கவிடுவது. வரி அழகுக்கில்லை. வரி இருந்தால் தகட்டின் பரப்பு கூடும், சீக்கிரம் காயும், அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டாது. ரப்பர் அதே ரப்பர்; வரி போட்டதும் அதற்கு ஒரு புதுக் குணம் வந்துவிடுகிறது. மெட்டாமெட்டீரியல் என்று உலகம் பெரிய பெயர் வைத்திருப்பதன் சாரம், சரக்கை மாற்றாமல் அமைப்பை மாற்றிப் புதுக் குணம் வரவழைப்பதுதான். இதற்கும் ஒரு முன்னோடி உண்டு. 1898இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், முறுக்கிய சணல் கட்டு வழியாக மின்னலைகளை அனுப்பி, அலை அதிரும் தளம் திரும்புவதைக் காட்டினார். முறுக்கும் திசையை மாற்றினால் திரும்பும் திசையும் மாறியது. சணலுக்கு அந்தக் குணம் இல்லை, முறுக்குக்கு உண்டு. லண்டன் ராயல் சொசைட்டியில் வந்த கட்டுரை அது.

மாமியாரின் கண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எழுபத்தெட்டு வயதில் எங்கள் வீட்டிலேயே ஊசியில் நூல் கோப்பவர் அவர் ஒருவர்தான். கண்புரை எடுத்து உள்ளே லென்ஸ் வைத்தாகிவிட்டது. 1949இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் ஆரம்பித்து வைத்த வைத்தியம். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லு கண்ணைக் கெடுக்காமல் கிடந்ததைக் கவனித்தவர் அவர். அந்த லென்ஸை ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவர மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் 1992இல் ஆரோலேப் தொடங்கினார்கள். இந்த லென்ஸ்களில் ஒரு ரகத்தில் மெல்லிய படிகள் வட்ட வட்டமாகச் செதுக்கியிருக்கும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒளியைப் பிரித்துக் கொடுக்கும். அதாவது தட்டை லென்ஸின் தாயாதி ஏற்கனவே மனிதக் கண்ணுக்குள் குடியேறிவிட்டது. மாமியார் கண்ணில் இருப்பது சாதா ரகம். என் குறைகளைப் பார்க்க அதுவே தாராளம்.

செருப்புப் பாவத்துக்குப் பரிகாரமாக அன்று மாலை அவரைத் தெப்ராவ் சாலைப் பக்கம் இருக்கும் அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கோவிலுக்கு அழைத்துப் போனேன். ஜொகூர் பாரு வந்தவர்கள் அறிந்திருப்பீர்கள், கண்ணாடிக் கோவில். 1922இல் சின்னக் குடிலாக இருந்தது, இப்போது மூன்று லட்சம் கண்ணாடித் துண்டுகள் பதித்து நிற்கிறது. தூண், சுவர், விதானம், எங்கே பார்த்தாலும் நகக்கண் அளவுத் துண்டுகள். நான் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு துண்டும் தட்டையானது. ஒன்றும் வளையவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் மயிரிழை வேறு சாய்வில் இருப்பதால், ஒரே விளக்கின் வெளிச்சத்தை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் அனுப்புகிறது. தலையை ஓர் அங்குலம் அசைத்தால் சுவர் முழுக்க மினுக்கு நகர்கிறது. தட்டைத் துண்டுகளை வைத்து ஒளியை நினைத்த பக்கம் திருப்பலாம் என்பதற்கு ஹார்வர்டுக்குப் போவானேன்? (தாமதத்தால் திருப்புவது வேறு, சாய்வால் திருப்புவது வேறு என்று இயற்பியல் ஆசிரியர்கள் எழுத வேண்டாம். தெரியும்.) இன்னொரு பலனும் கிடைத்தது. என் தொந்தியை ஒரே நேரத்தில் நூறு கோணத்தில் பார்த்தேன். மாமியாரும் பார்த்தார். இரண்டாவது முறையாக அன்று ஒன்றும் சொல்லவில்லை.

வீடு திரும்பும் வழியில் மனைவி, "சரி, அந்தத் தட்டைக் கண்ணாடி உங்களுக்கு எப்பதான் வரும்?" என்றாள். உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

வந்துவிட்டது, மூக்குக்குத்தான் வரவில்லை. 2022இலிருந்து எஸ்.டி. மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ், தூரம் அளக்கும் தன் சென்சார்களில் மெட்டாலென்ஸை வைக்கத் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும் குட்டிச் சில்லு. அந்த நிறுவனத்துக்கு நம் மூவாரில் 1974 முதல் தொழிற்சாலை இருக்கிறது என்றதும் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மூவார்லயா செய்றாங்க?" அங்கே நடப்பது சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் வேலை என்றேன். "ஒத்தாக் ஒத்தாக் வாங்கப் போறப்ப அந்தப் பக்கமாத்தானே போறோம், சொல்லவே இல்ல" என்றாள். எனக்கே நேற்றுதான் தெரியும் என்பதை நான் சொல்லவில்லை.

சென்சாருக்குச் சரிப்பட்டது மூக்குக்கு ஏன் சரிப்படவில்லை? நிறம்தான் வில்லன். சென்சாருக்கு ஒரே நிறம் போதும். ஒரே நிறத்துக்குத் தூண்களை அளவெடுத்து நட்டுவிடலாம். நமக்கோ சிவப்பிலிருந்து ஊதா வரை எல்லாம் வேண்டும். பெரியப்பா சிவப்புச் சேலைக்காரரிடம் ஒரு நீளத்துக்குக் கதை சொல்கிறார், நீலச் சேலைக்காரரிடம் வேறு நீளத்துக்கு. விளைவு, சிவப்பு கிட்டத்திலேயே குவிந்துவிடும், நீலம் தூரத்தில் போய்க் குவியும். சாதாரணக் கண்ணாடி லென்ஸிலும் இந்தக் கோளாறு உண்டு, ஆனால் கொஞ்சமாக, அதுவும் தலைகீழாக. 2018இல் ஹார்வர்ட் குழு நீலத்திலிருந்து சிவப்பு வரை ஒரே இடத்தில் குவிக்கும் மெட்டாலென்ஸ் காட்டியது. அது மிகச் சிறியது. என் கண்ணாடிக்கு ஐந்து சென்டிமீட்டர் அகலம் வேண்டும், எல்லா நிறமும் வேண்டும், நான் கண்ணை எந்தப் பக்கம் உருட்டினாலும் தெளிவு கெடக் கூடாது, முந்தானையால் துடைத்தாலும் தாங்க வேண்டும். 2016இல் உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்த அந்த முதல் லென்ஸ்களின் அகலம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. மனைவிக்குப் புரியும்படி சொன்னால் ஒரு ரவைக் குருணை. ரவையை மூக்கில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. உங்கள் கைப்பேசிக் கேமராவைத் திருப்பிப் பாருங்கள். முதுகில் புடைத்திருக்கும் அந்தக் கொப்புளத்துக்குள் இன்றும் ஆறேழு பிளாஸ்டிக் லென்ஸ்கள் அடுக்காக நிற்கின்றன. தட்டை லென்ஸ் முழுதாக வென்றிருந்தால் முதலில் அந்தக் கொப்புளம் அமுங்கியிருக்கும்.

பாலத்துக்கு அந்தப் பக்கமும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரின் ஏ-ஸ்டார் ஆய்வாளர்கள் 2018இல் ஒரு தட்டை லென்ஸ் காட்டினார்கள். ஒளியை எண்பது பாகைக்கும் மேல் சாய்த்துத் திருப்பி ஒரு புள்ளிக்குக் கொண்டுவருவது. ஏறக்குறைய பக்கவாட்டிலிருந்தே இழுத்து வருவதுபோல. இதை அந்த ஊர் நூலகத்தில் விரிவாகப் படிக்கலாமே என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். ஒளியைப் பக்கவாட்டில் திருப்பத் தெரிந்த ஊருக்கு, நேராக ஒரு கிலோமீட்டர் பாலத்தைக் கடக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. மோட்டார் சைக்கிள்கள் இரண்டு பக்கமும் சர் சர்ரென்று போய்க்கொண்டிருந்தன. நான் பஸ்ஸில், பருத்த பெரியப்பாக்களுக்கு நடுவில். சேர்ந்தபோது நூலகம் மூடும் நேரம்.

கடைசியில் 1.67 வாங்கினேன். பழையதைவிட ஓரம் கொஞ்சம் மெலிவு. மூக்குத் தடம் இன்னும் போகவில்லை. கடைக்காரத் தம்பியிடம் 1870 கோடித் தூண் கதையைச் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுக்கு ஃபிரேம் இருக்கா அங்கிள்?" என்றார்.

மாமியாருக்குப் புதுச் சிலிப்பர் வாங்கிக் கொடுத்தேன், நாலரை வெள்ளி. அதைப் பையில் வைத்துக்கொண்டு பழையதைத்தான் போட்டு நடக்கிறார். குளுவாங்கில் யார் கேட்டாலும் காலைத் தூக்கிக் காட்டி, "மாப்ள சூரியனை வச்சுப் போட்ட கோடு" என்கிறாராம்.

ஐந்து வெள்ளித் தகட்டுப் பூதக்கண்ணாடி உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கலாம். பார்த்து முடித்ததும் டிராயரில் போட்டு மூடிவிடுங்கள். ஜன்னலோரம் வேண்டாம், போர்ச்சில் வேண்டவே வேண்டாம்.